லோட்டஸ் ரசிகர்கள் கேட்பது குதிரைத்திறன் அல்ல, எடைக்குறைப்பு

2025 ஜூன் கடைசியில் பிரிட்டனில் ஒரு செய்தி பரவியது. லோட்டஸ் நிறுவனம் ஹெத்தலில் இருக்கும் தன் தொழிற்சாலையில் கார் தயாரிப்பை நிறுத்தப் போகிறது என்றார்கள். மூடும் திட்டம் எதுவும் இல்லை என்று நிறுவனம் உடனே மறுத்தது. இரண்டு மாதம் கழித்து, பிரிட்டனில் வேலை செய்யும் 1,300 பேரில் 550 பேர் வரை வேலை இழக்கலாம் என்று அதே நிறுவனம் அறிவித்தது.

இதற்கு முந்தைய ஆண்டின் கணக்கைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். 2024இல் லோட்டஸ் 12,000 கார்களுக்கு மேல் விற்றது. 2023ஐவிட 70 சதவீதத்துக்கும் அதிகமான வளர்ச்சி அது. ஆனால் அந்த ஆண்டின் நிகர நட்டம் 100 கோடி டாலரைத் தாண்டியது. விற்ற கார்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 90,000 டாலர் நட்டம்.

அந்த ஆண்டில் விற்பனை கூடியது, நட்டமும் கூடியது, இந்தப் பெயரை ஐம்பது வருடமாக நேசிக்கும் ரசிகர்களோ கோபமாக இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது என்ன, அதைக் கொடுப்பது ஏன் சிரமம், எந்த அளவுக்குக் கொடுக்க முடியும் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

லோட்டஸ் யாருடையது, எங்கே தயாராகிறது

லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். பாலமும் கட்டடமும் எவ்வளவு குறைந்த பொருளில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று கணக்குப் போடும் படிப்பு அது. 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து, தன் முதல் பந்தயக் காரைக் கட்டினார். 1952இல் அது கம்பெனியானது. 1966இல் நார்ஃபோக்கில் உள்ள ஹெத்தலுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் அது. பழைய ஓடுபாதையே கார்களைச் சோதிக்கும் தடமானது.

ஃபார்முலா 1 பந்தயத்தில் லோட்டஸ் அணி 7 முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. ஜிம் கிளார்க் 1963இலும் 1965இலும் சாம்பியன் ஆனது லோட்டஸில்தான். குழாய்ச் சட்டத்தைக் கைவிட்டு, உடலையே சட்டமாக்கிய மோனோகாக் அமைப்பை 1962இல் ஃபார்முலா 1 தடத்துக்குக் கொண்டுவந்தவர் சாப்மன். 1982இல் அவர் இறந்தார்.

அதன் பிறகு கம்பெனி கை மாறிக்கொண்டே இருந்தது. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993இல் இத்தாலியரான ரொமானோ ஆர்டியோலி, 1996இல் மலேசியாவின் புரோட்டான், 2017இல் சீனாவின் ஜீலி. நடுவில், புரோட்டான் காலத்தில், லோட்டஸ் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கே நடந்தது. 2011இல் ஒரே ஃபார்முலா 1 தடத்தில் லோட்டஸ் பெயரோடு இரண்டு அணிகள் ஓடின. நம் சென்னைக்காரரான கருண் சந்தோக் அந்த ஆண்டு ஜெர்மன் கிராண்ட் பிரியில் ஓட்டியது அவற்றில் ஒன்றுக்காகத்தான்.

இன்றைய செய்திகளைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்:

1. இங்கிலாந்தின் ஹெத்தலில் ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாராகின்றன: பெட்ரோலில் ஓடும் எமிரா, மின்சாரத்தில் ஓடும் எவியா.

2. சீனாவின் வூஹானில் பெரிய மின்சாரக் கார்கள் தயாராகின்றன: எலெட்ரே என்ற எஸ்.யூ.வி., எமேயா என்ற நான்கு கதவு கார்.

3. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது லோட்டஸ் டெக்னாலஜி. நட்டக் கணக்கு இந்த நிறுவனத்துடையது. வூஹான் கார்களோடு ஹெத்தல் கார்களின் விற்பனையும் இந்தக் கணக்கில் சேர்ந்தே வருகிறது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்

எஞ்சின் சக்தியைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் வேகம் கூடும், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் கூடும் என்பது சாப்மன் சொன்னதாகப் பரவலாக வழங்கும் கருத்து. இது வெறும் விளம்பர வாசகம் இல்லை, பள்ளிக்கூட இயற்பியல்தான்.

பைக்கின் பின் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கிளம்பும்போது வண்டி முக்குகிறது. அது பரவாயில்லை, கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும். தெருமுனையில் திருப்பும்போதுதான் விஷயமே தெரியும். நாம் ஒரு பக்கம் சாய்க்க, மூட்டை வண்டியை வேறு பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. கூடுதல் எஞ்சின் சக்தியால் இந்த இரண்டையும் சரிசெய்ய முடியாது.

காருக்கும் இதே கணக்குதான்:

1. ஓடும் காரில் உள்ள இயக்க ஆற்றல் அதன் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். 725 கிலோ காரையும் 2,500 கிலோ காரையும் ஒரே வேகத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்றால், பின்னதன் பிரேக் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை விழுங்க வேண்டும்.

2. டயரின் மேல் சுமை இரட்டிப்பானால் தரைப்பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் கனமான காருக்கு அகலமான டயர் வேண்டும்.

3. அகலமான டயருக்குப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்துக்கும் பெரிய பிரேக்குக்கும் பலமான சஸ்பென்ஷன் வேண்டும். அதைத் தாங்கக் கனமான சட்டம் வேண்டும். எல்லாவற்றையும் திருப்ப பவர் ஸ்டியரிங் வேண்டும். எடை எடையை வளர்க்கிறது.

4. இதைத் திருப்பியும் போடலாம். 100 கிலோவைக் குறைத்தால் டயர், சக்கரம், பிரேக், எஞ்சின் எல்லாமே ஒரு படி சின்னதாகலாம். சாப்மனின் முழு வித்தையும் இந்த நான்காவது வரியில்தான் இருக்கிறது.

1962இல் வந்த எலான் காருக்கு நடுவில் முதுகெலும்பு போல ஒரே ஓர் எஃகுச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், 1.6 லிட்டர் எஞ்சின். எடை 700 கிலோவுக்கும் குறைவு. கால் நூற்றாண்டு கழித்து மஸ்டா தன் எம்.எக்ஸ்-5 காரை உருவாக்கியபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த எலானைத்தான். அந்த மஸ்டா 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

எலீஸ்: ரசிகர்கள் மனதில் இருக்கும் அளவுகோல்

எந்த லோட்டஸ் ரசிகரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் எலீஸில் வந்து நிற்கும். 1996இல் தயாரிப்புக்கு வந்த கார். அப்போதைய முதலாளி ஆர்டியோலியின் பேத்தி எலீஸாவின் பெயரிலிருந்து எடுத்த பெயர்.

இதன் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஜன்னல் சட்டத்துக்கு அலுமினியச் சேனல் வருகிறதே, அதைப் போல அச்சில் தள்ளி எடுத்த அலுமினியத் துண்டுகளை வெட்டி, எபாக்ஸி பசையால் ஒட்டி, சூளையில் வைத்து இறுக வைத்தார்கள். வெல்டிங் கிடையாது. வெல்டிங் செய்தால் அலுமினியம் அந்த இடத்தில் பலம் இழக்கும், அதனால் தடிமனைக் கூட்ட வேண்டி வரும். பசை என்றால் மெல்லிய தகடே போதும். இப்படிச் செய்த முழுச் சட்டத்தின் எடை 70 கிலோவுக்கும் குறைவு, அதாவது வளர்ந்த ஒரு மனிதரின் எடை.

கதவைத் திறந்தால் இருக்கைக்கு முன்னால் அகலமான ஒரு அலுமினியச் சுவர் குறுக்கே நிற்கும். அதைத் தாண்டி, காலை முதலில் விட்டு, உடலை மடித்து இறங்க வேண்டும். உள்ளே அலுமினியம் பெயிண்ட் கூட இல்லாமல் வெற்றாகத் தெரியும். பவர் ஸ்டியரிங் இல்லை. முன் டயர் 185 மில்லிமீட்டர் அகலம்தான். ரோவர் நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின், 118 குதிரைத்திறன். மொத்த எடை 725 கிலோவை ஒட்டி, நம் ஊர் ஆல்ட்டோ அளவு.

குறுகிய டயர், உதவி இல்லாத ஸ்டியரிங், லேசான உடல் மூன்றும் சேரும்போது ஒன்று நடக்கிறது. சாலையில் இருக்கும் நெளிவும் சரளையும் ஈரமும் கைக்கு நேராக வந்து சேர்கின்றன. டயர் பிடியை இழக்கப் போகிறது என்பது இழப்பதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாவதில் தெரியும். ரசிகர்கள் ‘உணர்வு’ என்று சொல்வது இதைத்தான். மேசையில் உட்கார்ந்து கற்பனையாகப் பேசுவது அல்ல, கையால் அளக்கக்கூடிய தகவல்.

2021இல் எலீஸ் நிறுத்தப்பட்டபோது மொத்தம் 35,000க்கு மேல் தயாராகியிருந்தது. கால் நூற்றாண்டில் 35,000 என்பது பெரிய நிறுவனங்களுக்கு ஒரு மாதக் கணக்கு கூட இல்லை. இந்த எண்ணைப் பின்னால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஜீலி போட்ட கணக்கு

ஜீலியின் திட்டத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் போர்ஷே என்ற உதாரணம் இருந்தது. 2002இல் போர்ஷே கேயன் என்ற எஸ்.யூ.வி.யைக் கொண்டுவந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த எஸ்.யூ.வி. சம்பாதித்த பணத்தில்தான் அதன் 911 ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் செழிப்பாக வளர்ந்தது. அதே வழியில், குடும்பக் கார்களில் சம்பாதித்து ஸ்போர்ட்ஸ் கார்களைக் காப்பாற்றலாம் என்று லோட்டஸும் நினைத்தது. 2028இல், தன் 80ஆவது ஆண்டில், முழுக்க மின்சாரக் கம்பெனியாகி வருடத்துக்கு 1,50,000 கார் விற்க வேண்டும் என்பது இலக்கு.

அது ஏன் பிசகியது?

1. வரி. மின்சாரக் கார்கள் சீனாவில் தயாராவதால், 2024இல் அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி விதித்தபோது அந்தச் சந்தை எலெட்ரேக்கு மூடியது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல், ஜீலி குழுமக் கார்களுக்கு 18.8 சதவீதம் கூட்டியது. 2024க்கு 26,000 கார் என்று வைத்திருந்த இலக்கை நிறுவனம் 12,000ஆகக் குறைத்தது. அப்புறம் 2025இல் அமெரிக்கா எல்லா இறக்குமதிக் கார்களுக்கும் 25 சதவீத வரி போட்டபோது ஹெத்தலில் தயாராகும் எமிராவும் மாட்டிக்கொண்டது. அங்கே சில வாரம் உற்பத்தி நின்றது. பிரிட்டனோடு ஒப்பந்தம் ஆகி, வருடத்துக்கு 1,00,000 கார் வரை 10 சதவீதம் என்று குறைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

2. சந்தை. விலை உயர்ந்த மின்சாரக் கார்களுக்கான ஆசை எதிர்பார்த்த அளவு வளரவில்லை. 2024இல் முழு மின்சாரத் திட்டத்திலிருந்து லோட்டஸே பின்வாங்கி, பெட்ரோலும் மின்சாரமும் கலந்த ஹைப்ரிட் பக்கம் திரும்பியது.

3. குதிரைத்திறன் மலிந்துபோனது. என் கணிப்பில் மற்ற இரண்டைவிட இதுவே ஆழமான காரணம். எலெட்ரேயின் உச்ச வகைக்கு 905 குதிரைத்திறன். 3 வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகம். பழைய எலீஸுக்கு அதற்கு 6 வினாடி பிடிக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் இது வாயைப் பிளக்க வைக்கும் கணக்கு. ஆனால் 2025 பிப்ரவரியில், செல்போன் விற்கும் ஷாவ்மி 1,548 குதிரைத்திறன் உள்ள எஸ்.யூ.7 அல்ட்ரா காரை 5,29,900 யுவானுக்கு விற்பனைக்கு வைத்தது. மோட்டாரை வாங்கிப் பூட்டினால் சக்தி கிடைத்துவிடுகிறது. யாரும் செய்யலாம். சாப்மன் தொடங்கி எழுபது வருடமாகக் கட்டிய பெயருக்கு இந்தப் போட்டியில் கூடுதல் மதிப்பெண் எதுவும் இல்லை.

போர்ஷேயிடம் ஏற்கெனவே உலகம் முழுக்க ஷோரூம்களும், பெயரைத் தெரிந்த பணக்கார வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். முக்கியமாக, கேயன் வந்த பிறகும் 911 இருந்துகொண்டே இருந்தது. லோட்டஸ் எலெட்ரேயைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே எலீஸை நிறுத்திவிட்டது. அடுப்பைப் பற்ற வைக்குமுன் விளக்கை அணைத்த கதை.

பேட்டரியின் எடை: ஒரு சின்னக் கணக்கு

மின்சாரக் கார் என்றாலே கனம் என்று ஏன் சொல்கிறார்கள்? எலெட்ரேயின் பேட்டரி 112 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும். வீட்டு கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். இன்றைய பேட்டரி, பெட்டியும் குளிரூட்டும் அமைப்பும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 112 யூனிட் என்றால் ஏறக்குறைய 670 கிலோ வருகிறது. அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு எலீஸைப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது எலெட்ரே. மொத்த எடை 2,500 கிலோவை ஒட்டிப் போவதில் வியப்பில்லை. 40 லிட்டர் பெட்ரோலோ 30 கிலோதான். அதுவும் ஓட ஓடக் குறையும்.

அதற்காக மின்சாரமே ஆகாது என்று முடிவு கட்டவும் கூடாது. டெஸ்லாவின் முதல் கார், 2008இல் வந்த ரோட்ஸ்டர், எலீஸின் சட்டத் தொழில்நுட்பத்தில் பிறந்தது. அதன் உடலும் சட்டமும் ஹெத்தலில்தான் பூட்டப்பட்டன. அதில் 53 யூனிட் பேட்டரி, எடை 450 கிலோ. இன்று அதே 53 யூனிட்டை 320 கிலோவுக்குள் அடக்கலாம். பேட்டரி சின்னதாக இருக்கும் வரை மின்சாரக் காரும் லேசாக இருக்க முடியும். ஒரே சார்ஜில் 500 கிலோமீட்டர் வேண்டும் என்ற ஆசைதான் எடையைக் கொண்டுவருகிறது.

ரசிகர்களின் கோரிக்கைகள்

சரி, இப்போது கோரிக்கைகளுக்கு வரலாம். கூச்சலை எல்லாம் வடிகட்டினால் ஐந்து மிஞ்சுகிறது. ஐந்தும் ஒரே எடை உள்ளவை அல்ல.

1. 1,100 கிலோவுக்குள் ஒரு கார். இது முதல் கோரிக்கை, மற்ற எல்லாம் இதற்குப் பின்னால். இன்றைய எமிரா நல்ல கார், அழகான காரும்கூட. ஆனால் 1,400 கிலோவுக்கு மேல் இருக்கிறது. பிரான்ஸின் அல்பைன் நிறுவனம் 2017 முதல் தயாரித்த ஏ110 காரை 1,100 கிலோவுக்குள் கொண்டுவந்து காட்டியது. மஸ்டா எம்.எக்ஸ்-5இன் துணிக்கூரை வகை இன்றும் 1,100 கிலோவுக்கு மேல் போவதில்லை. பாதுகாப்பு விதிகள் மாறிவிட்டன, இனி முடியாது என்ற பதிலை ரசிகர்கள் ஏற்காததற்கு இந்த இரண்டு கார்களே காரணம்.

2. கையால் போடும் கியரும் தகவல் சொல்லும் ஸ்டியரிங்கும். எமிராவின் ஆறு சிலிண்டர் வகையில் மேனுவல் கியர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு முழு மின்சார மோட்டார் போடாமல் ஹைட்ராலிக் முறையையே வைத்திருக்கிறார்கள். ஹெத்தல் பொறியாளர்களின் பிடிவாதம் அது. அடுத்த காரில் இது போய்விடுமோ என்பதுதான் பயம்.

3. கைக்கு எட்டும் விலை. எமிரா அறிமுகமானபோது ஆரம்ப விலை 60,000 பவுண்டுக்குள் இருக்கும் என்றார்கள். பிறகு அது 80,000 பவுண்டை ஒட்டி ஏறிவிட்டது. 130 கார்கள் மட்டும் என்று திட்டமிட்ட எவியாவின் விலை 20 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆசிரியரோ, சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரோ சேமித்து வாங்கிய கார் எலீஸ். அந்த இடம் இப்போது காலி.

4. ஹெத்தல் ஹெத்தலாகவே இருக்க வேண்டும். இதைப் பழைய பாசம் என்று மட்டும் பார்ப்பது தவறு. சஸ்பென்ஷனை ஓட்டி ஓட்டித் திருத்தும் கைகள் அங்கே இருக்கின்றன. மற்ற கம்பெனிகளும் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிய திறமை அது. 550 பேர் போனால் அவர்களோடு என்ன போகும் என்பது அடுத்த காரை ஓட்டும்போதுதான் தெரியும்.

5. பழைய கார்களுக்கு உதிரி பாகம். இதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. ஆனால் லோட்டஸ் ஓட்டுபவர்களின் அன்றாடக் கவலை இதுதான்.

பெட்ரோலா மின்சாரமா என்ற சண்டையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ரசிகர்களில் பெரும்பாலோர் பெட்ரோல் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாதத்தைத் தோண்டிப் பார்த்தால் அடியில் எடைதான் இருக்கிறது. 1,000 கிலோவில் ஒரு மின்சார லோட்டஸ் வந்தால் இந்தச் சண்டை பாதி அடங்கிவிடும்.

கேட்பதில் இருக்கும் முடிச்சு

ரசிகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கணக்கு அவர்களுக்கு எதிராக இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஒரு புதிய காரை வடிவமைத்து, மோதல் சோதனை செய்து, புகை விதிகளுக்கு ஒப்புதல் வாங்கி, அச்சுகளைச் செய்து முடிக்கும் செலவு, பத்தாயிரம் கார் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் பெரிதாக மாறாது. அந்த நிலையான செலவைக் கார்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எலீஸ் கால் நூற்றாண்டில் 35,000 என்று மேலே பார்த்தோம். வருடத்துக்குச் சராசரி 1,400. மஸ்டா அதே செலவை எத்தனையோ மடங்கு கார்கள் மேல் பரப்புகிறது.

விதிகளும் வருடத்துக்கு வருடம் இறுகுகின்றன. 2024இல் இணையப் பாதுகாப்பு விதி ஒன்று ஐரோப்பாவில் அமலுக்கு வந்தபோது, பெட்ரோலில் ஓடும் தன் 718 ஸ்போர்ட்ஸ் காரை அதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று போர்ஷேயே அங்கே விற்பனையை நிறுத்தியது. போர்ஷேக்கே இந்த நிலை என்றால் சின்னக் கம்பெனிக்குச் சொல்லவா வேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. லேசான எளிய காரைக் கேட்பவர்களில் பலர் அதைப் புதிதாக வாங்குவதில்லை, ஐந்து வருடம் கழித்துப் பழையதாக வாங்குகிறார்கள். தொழிற்சாலைக்குச் சம்பளம் கொடுப்பது முதல் முறை வாங்குபவரின் பணம். அவர் ஏ.சி.யும் தொடுதிரையும் சுலபமாக ஏறி இறங்கும் கதவும் கேட்கிறார். எமிரா 1,400 கிலோவானது அப்படித்தான்.

எது நடக்கக்கூடியது

முதலில், எஞ்சின். லோட்டஸ் பெரும்பாலும் அடுத்தவர் எஞ்சினை வாங்கித்தான் பிழைத்தது. எலானுக்கு ஃபோர்டு எஞ்சினை அடிப்படையாக வைத்தது, யூரோப்பாவுக்கு ரெனோ, எலீஸுக்கு ரோவர், பிறகு டொயோட்டா, இன்றைய எமிராவுக்கு டொயோட்டாவும் மெர்சிடிஸ்-ஏஎம்ஜியும். ஆக, அடுத்த லேசான காருக்கு எஞ்சின் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஜீலியும் ரெனோவும் 2024இல் ஹார்ஸ் பவர்டிரெயின் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. பெட்ரோல், ஹைப்ரிட் எஞ்சின்களைச் செய்து விற்பதுதான் அதன் வேலை. சொந்த வீட்டிலேயே சமையல் நடக்கிறது, பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, துணை. 2021இல் லோட்டஸும் அல்பைனும் சேர்ந்து ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் செய்வதாகக் கை குலுக்கின. 2023இல் பிரிந்தன. என் பார்வையில் அந்த முறிவு வேலைக் குறைப்பு அறிவிப்புக்குச் சமமான இழப்பு. வருடத்துக்கு சில ஆயிரம் விற்கும் காரின் செலவைப் பங்கு போட இன்னொரு நிறுவனம் கிடைப்பது எளிதல்ல. அப்படி ஒரு கூட்டு மறுபடி அமையாமல் 1,100 கிலோ கார் வருவது கடினம்.

மூன்றாவது, மிகச் சின்னதாகப் போவது. 1957இல் சாப்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த செவன் காரின் உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்றும் அதையே தயாரிக்கிறது. அதன் செவன் 170 வகையில் சுசுகியின் 660 சிசி எஞ்சின், மொத்த எடை 440 கிலோ. சிறிய அளவில், கையால், ஒரே மாதிரியை அரை நூற்றாண்டாகச் செய்தும் ஒரு கம்பெனி உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நாஸ்டாக்கில் பங்கு விற்ற நிறுவனம் அந்த அளவுக்குச் சுருங்க முதலீட்டாளர்கள் விடமாட்டார்கள்.

அதனால் நடைமுறையில் மிஞ்சுவது பெரிதும் சின்னதும் கலந்த வழி. பெரிய கார்கள் ஹைப்ரிட்டாக மாறி நட்டத்தைக் குறைக்க வேண்டும், எமிராவைத் தொடர்ந்து மெருகேற்றி ஹெத்தலை ஓட வைக்க வேண்டும், பக்கத்தில் குழும எஞ்சினோடு சின்னக் கார் ஒன்று. வரிசை முக்கியம். சின்னக் காரை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளினால், 2021இல் செய்த தவறுதான் மறுபடி நடக்கும்.

அடுத்த கார் வரும்போது எந்த எண்ணைப் பார்ப்பது

புதிய லோட்டஸ் எப்போது வந்தாலும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறனாகத்தான் இருக்கும். அதைத் தாண்டி, அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் எடையைப் பாருங்கள். அதில் இரண்டு வகை உண்டு. எண்ணெயும் தண்ணீரும் எரிபொருளும் இல்லாமல் நிறுத்துப் போடுவது உலர் எடை. எல்லாம் நிரப்பி, சாலையில் ஓடத் தயாராக நிற்கும்போது இருப்பது கெர்ப் எடை. ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் முதல் எண்ணைச் சொல்லவே விரும்பும். இரண்டுக்கும் இடையே 50 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

2024 செப்டம்பரில் லோட்டஸ் காட்டிய தியரி 1 என்ற மாதிரிக் கார் மின்சாரத்தில் ஓடுவது, மூன்று இருக்கை, 70 யூனிட் பேட்டரி, 1,000 குதிரைத்திறனை ஒட்டி. அதன் எடை இலக்கு 1,600 கிலோவுக்குள். அந்தச் சக்திக்கும் பேட்டரிக்கும் அது திறமையான எண்தான். எலீஸிலிருந்து பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த அறிவிப்பில் இந்த 1,600க்குப் பதிலாக, கெர்ப் எடையாகவே, 1,100க்குக் கீழே ஓர் எண் வருகிறதா என்று பார்த்துத்தான் ஹெத்தலில் யார் பேச்சு எடுபட்டது என்று சொல்ல முடியும்.